தண்டுவடக் காயத்துக்குப் பிறகு பாலியல் நலம்: எப்படிக் கேட்பது, எதைப் பரிசோதிப்பது

கன்னியாகுமரி மாவட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற பிசியோதெரபிஸ்டுகள், நர்சுகள், வலி நிவாரணப் பணியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். அடிபட்டவரும் அவருடைய துணையும் படித்தாலும் நல்லது. ஆஸ்பத்திரியில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நம் பக்கத்தில் இந்தக் காயம் யாருக்கு வருகிறது? தென்னையில் ஏறித் தேங்காய் போடுகிறவர், பனையேறி, சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்யும் கொத்தனார், நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையில் ராத்திரி பைக்கில் வந்த பையன். பலர் கல்யாணமாகிச் சில வருடமே ஆனவர்கள். சிலருக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது ஃபைலில் சிறுநீருக்கு ஒரு பக்கம் இருக்கும், மலம் போவதற்கு ஒரு பக்கம் இருக்கும், படுக்கைப் புண்ணுக்கு ஒரு பக்கம் இருக்கும். தாம்பத்தியத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. 2004இல் அமெரிக்காவில் தண்டுவடக் காயம் பட்ட 681 பேரிடம் 'முதலில் எது திரும்பக் கிடைக்க வேண்டும்' என்று கேட்டார்கள். கைகால் நான்கும் செயலிழந்தவர்கள் கையைத்தான் முதலில் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் செயலிழந்தவர்கள், நடையைவிடப் பாலியல் செயல்பாட்டையே அதிகம் பேர் முதலில் சொன்னார்கள். நம் ஊர்க்காரர்கள் மனதில் இது இல்லை என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அவர்கள் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

இதை 'ஸ்பெஷலிஸ்ட் பார்த்துக்கொள்வார்' என்று தள்ளக்கூடாது என்பதே என் முடிவு. முதல் கட்ட மதிப்பீட்டை, அந்த வீட்டுக்குள் முதலில் போகிற பயிற்சி பெற்ற பணியாளரே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

முதல் படி: நேரமும் இடமும்

காயம் பட்ட முதல் சில வாரங்கள் தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும். அடிபட்ட இடத்துக்குக் கீழே அனிச்சைச் செயல்கள் எல்லாம் அடங்கிக் கிடக்கும். சிலருக்கு இது மாதக்கணக்கில் நீளும். அந்தக் காலத்தில் விறைப்பு வரவில்லை என்பதை வைத்து 'இனி வராது' என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் பேச்சைத் தொடங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். டிஸ்சார்ஜுக்கு முன்பு ஒரு முறை, மூன்று மாதத்தில் ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அவரே கேட்டால் அன்றைக்கே பேசுங்கள்.

இடம்தான் பெரிய சிக்கல். காற்று மெத்தை போட்ட கட்டில் பெரும்பாலும் முன்னறையில்தான் கிடக்கும். அம்மா பக்கத்திலேயே நிற்பார், பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்திருப்பார், கொழுந்தியா சாயா கொண்டு வைப்பார். இந்தக் கூட்டத்தில் ஒன்றும் கேட்க முடியாது. 'புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்கணும், கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே இருங்க' என்று சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அது பொய்யும் இல்லை. புண்ணை நாம் எப்படியும் பார்க்கத்தான் போகிறோம். கதவைச் சாத்த முடியாத வீடென்றால் சக்கர நாற்காலியில் முற்றத்துக்கு அழைத்துப் போய்ப் பேசலாம்.

ஆணிடம் ஆண் பணியாளர், பெண்ணிடம் பெண் பணியாளர் பேசுவது நம் ஊரில் எளிது. ஆனாலும் யாரிடம் பேச விருப்பம் என்று அவரையே கேட்டுவிடுவது நல்லது. உடலைப் பரிசோதிக்கும்போது அவருக்குச் சம்மதமான இன்னொருவர் அறையில் இருக்கட்டும்.

குறிப்பை எங்கே எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் கவரில் இருக்கிற அந்த ஃபைல் வீட்டோடு நிற்பதில்லை. உதவித்தொகைக்காக நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்குப் போகும், கோவிலிலோ சர்ச்சிலோ உதவி கேட்டுப் போகும், அண்ணன் தம்பி மாமன் மச்சான் எல்லார் கையிலும் புரளும். ஆகவே பாலியல் நலக் குறிப்பை அதில் சேர்க்காமல் தனித் தாளில் எழுதி, மருத்துவக் குழுவிடம் மட்டும் வைத்திருங்கள். அப்படித்தான் வைக்கிறோம் என்பதை அவரிடமும் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் பலர் வாயைத் திறப்பார்கள்.

இரண்டாம் படி: பேச்சைத் தொடங்குவது

உலகெங்கும் பயன்படுகிற ஒரு முறை 1976இல் வந்தது. பிளிசிட் என்று அதற்குப் பெயர். நான்கு தட்டு: பேச அனுமதி கொடுப்பது, அளவான தகவல் தருவது, அவருக்கென்று குறிப்பான யோசனை சொல்வது, கடைசியாகத் தீவிர சிகிச்சைக்கு அனுப்புவது. முதல் இரண்டு தட்டிலேயே பலருடைய தவிப்பு அடங்கிவிடும்.

அனுமதி கொடுப்பது என்றால் இப்படி: "அண்ணே, இந்த மாதிரி அடிபட்டவங்க நெறைய பேரு தாம்பத்தியத்தப் பத்தியும் குழந்தையப் பத்தியும் கேப்பாங்க. உங்களுக்கும் ஏதாவது கேக்கணும்னு இருக்கா? இப்ப வேண்டாம்னாலும் பரவாயில்ல, எப்ப வேணும்னாலும் கேக்கலாம்."

சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். சிலர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். விட்டுவிடுங்கள், அடுத்த முறை அவர்களே தொடங்குவார்கள். சிலர் நேரடியாக, "இனி நமக்குக் குழந்த பொறக்குமா சாரே?" என்பார்கள். சிலர் பாலியல் என்ற பேச்சையே எடுக்காமல், "அவள அவ வீட்டுக்கே அனுப்பிடலாம்னு நெனைக்கேன்" என்பார்கள். இதுவும் அந்தக் கேள்விதான். 'அப்படியெல்லாம் பேசக்கூடாது' என்று அடக்கிவிடாமல், என்ன நினைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கல்யாணமாகாதவரிடமும், கணவனை இழந்தவரிடமும், அறுபது வயதுக்காரரிடமும் கேளுங்கள். துணை ஆணா பெண்ணா என்றும் நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரிடம் பாலியல் உறவோ தொல்லையோ நடந்தது தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நமக்குப் புகார் அளிக்கும் கடமை இருக்கிறது. பேச்சைத் தொடங்கும் முன்பே மருத்துவரோடு கலந்துகொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியைத் தனியாக, யாரும் இல்லாதபோது கேட்டே ஆக வேண்டும்: "உங்களுக்கு விருப்பம் இல்லாம யாராவது தொடுறாங்களா, கட்டாயப்படுத்துறாங்களா?" படுக்கையில் கிடப்பவரால் ஓட முடியாது, பல நேரம் தள்ளக்கூட முடியாது. குளிப்பாட்டுகிறவரே தொல்லை கொடுப்பவராக இருந்தால் யாரிடம் சொல்வார்?

மூன்றாம் படி: விவரம் சேகரிப்பது

அடிபடுவதற்கு முன்பு எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். சர்க்கரை, பிரஷர், குடி, புகை முன்பே இருந்தால் இன்றைய பிரச்சினை முழுவதும் தண்டுவடத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. தலையிலும் அடிபட்டதா என்று கேளுங்கள்.

ஆணிடம்: விறைப்பு வருகிறதா, எப்போது வருகிறது? மனதில் நினைத்தாலா, தொட்டாலா, சிறுநீர் டியூப் மாற்றும்போதும் குளிப்பாட்டும்போதும் தானாகவா? எவ்வளவு நேரம் நிற்கிறது? விந்து வெளியே வருகிறதா? பிறகு போகிற சிறுநீர் கலங்கலாக இருக்கிறதா? அப்படியானால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கலாம். உச்ச உணர்வு எந்த வடிவிலாவது இருக்கிறதா? டியூப் போடும்போது தானாக வருகிற விறைப்பைக் கண்டு வெட்கப்படுகிறவர்களும் உண்டு, அதைப் பார்த்து 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் அது அனிச்சைச் செயல் என்று விளக்க வேண்டும்.

பெண்ணிடம் இதே அக்கறையோடு கேளுங்கள். நம் மாவட்டத்தில் அடிபட்ட பெண்களிடம் குழந்தை, மாதவிலக்கு தாண்டி யாரும் எதுவும் கேட்பதில்லை. ஈரத்தன்மை வருகிறதா, எங்கே தொட்டால் உணர்வு இருக்கிறது, வலி இருக்கிறதா, உச்சம் அடைய முடிகிறதா, அவருக்கு விருப்பம் இருக்கிறதா? கணவர் கேட்கிறார் என்பதற்காக மட்டும் சம்மதிக்கிறாரா? மாதவிலக்கு திரும்பிவிட்டதா, கருத்தடை ஏதாவது பயன்படுத்துகிறாரா?

பிறகு இருவருக்கும் பொதுவானவை: சிறுநீர் எப்படிப் போகிறது, இடையில் கசிகிறதா, மலம் எதிர்பாராமல் போய்விடுகிறதா, கால் இழுத்துக்கொள்கிறதா, புண் இருக்கிறதா, கை எவ்வளவு வேலை செய்கிறது, தூக்கமும் மனநிலையும் எப்படி? நடுவில் மலம் போய்விடுமோ என்ற பயம்தான் பலரைத் துணையை விட்டு விலக வைக்கிறது. அதைச் சரிசெய்தாலே பாதி வழி வந்துவிடலாம்: முன்கூட்டியே மலம் கழித்துவிடுவது, ஓரிரு மணி நேரம் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது, சற்று முன்பு டியூப் போட்டுச் சிறுநீர்ப்பையைக் காலி செய்வது. நிரந்தரமாக டியூப் இருப்பவர்களில், ஆணுக்கு அதை மடக்கி ஆணுறைக்குள் விடலாம். பெண்ணுக்கு வயிற்றிலோ தொடையிலோ ஒட்டிவிடலாம்.

குமரி மாவட்டத்தில் மறக்கக்கூடாத ஒரு கேள்வி உண்டு. ரப்பர் வெட்டுத் தொழில் இங்கே பரவலானது. ரப்பர் டியூபையும் கையுறையையும் வருடக்கணக்கில் பயன்படுத்துகிறவர்களுக்கு லேட்டெக்ஸ் (ரப்பர் பால்) ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம். பலூன் ஊதினால் உதடு வீங்குமா, கையுறை பட்ட இடம் தடித்து அரிக்குமா, மட்டிப் பழம் தின்றால் வாய் அரிக்குமா என்று கேளுங்கள். வாழைப்பழத்தில் உள்ள சில புரதங்கள் ரப்பர் பாலில் உள்ள புரதங்களைப் போன்றவை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். 'ஆம்' என்றால் சிலிக்கான் டியூபும் லேட்டெக்ஸ் இல்லாத ஆணுறையும் வேண்டும். பரிசோதிக்கும் கையுறையும் அப்படியே.

நான்காம் படி: உடலைப் பரிசோதிப்பது

இங்கே நாம் தேடுவது எந்தெந்த நரம்பு வழி இன்னும் திறந்திருக்கிறது என்பதை. தண்டுவட நரம்புகளை எழுத்தும் எண்ணும் வைத்துக் குறிப்பார்கள்: டி என்றால் மார்புப் பகுதி, எல் என்றால் இடுப்புப் பகுதி, எஸ் என்றால் அதற்கும் கீழே; எண் கூடக் கூடக் கீழே போகிறோம். முக்கியமான வழிகள் இரண்டு. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், டி11 முதல் எல்2 வரையுள்ள நரம்புகள், மனதில் எழும் விருப்பத்தை உடலுக்குக் கடத்துகின்றன. எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ளவை, தொடுவதால் வருகிற அனிச்சை விறைப்பையும் ஈரத்தையும் தருகின்றன.

பஞ்சும் குண்டூசியும் போதும். மார்புக் காம்பு டி4, நெஞ்செலும்பின் கீழ் நுனி டி6, தொப்புள் டி10, தொடையிடுக்கு மடிப்பு டி12, அதற்குக் கீழே எல்1, முன்தொடையின் நடுப்பகுதி எல்2. தொப்புளுக்குக் கீழிருந்து முன்தொடை வரை இரண்டு பக்கமும் மெதுவாகப் பாருங்கள். முதலில் உணர்வுள்ள கன்னத்தில் குத்திக் காட்டிவிட்டு, 'அதே மாதிரி இருக்கா, குறைவா இருக்கா, இல்லவே இல்லையா?' என்று ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். இந்தப் பகுதியில் தொடுதலும் குத்தலும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ, அந்த அளவு மனவழி விறைப்புக்கும் ஈரத்துக்கும் வாய்ப்பு இருக்கிறது.

ஆசனவாயைச் சுற்றிய உணர்வு, உள்ளே விரலால் அழுத்தும்போது தெரிகிறதா என்பது, அவராகச் சுருக்க முடிகிறதா என்பது, ஆண்குறி முனையை அல்லது பெண்ணின் யோனி மொட்டை லேசாக அழுத்தும்போது ஆசனவாய் சுருங்குகிறதா என்பது ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற மருத்துவர் பார்க்க வேண்டும். வீட்டில் கட்டிலில் வைத்து அரைகுறையாகச் செய்ய வேண்டாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி அனுப்புங்கள்.

இடுப்பு எவ்வளவு விரிகிறது, தொடை இறுக்கம் எவ்வளவு, பிட்டத்திலும் வால் எலும்பிலும் தோல் எப்படி என்பதை நீங்களே பார்க்கலாம். வருடக்கணக்கில் நிற்காத காலில் எலும்பு பலவீனமாகிவிடும். இறுகிய தொடையை வலுக்கட்டாயமாக விரித்தால் முறியக்கூடும். துணைக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

கண்டதை எப்படிப் புரிந்துகொள்வது? காயம் டி11க்கு மேலே முழுமையாக இருந்து, கீழே அனிச்சை மிஞ்சியிருந்தால், தொட்டால் விறைப்பு வரும், நினைத்தால் வராது, வந்தது சீக்கிரம் தளரும். தண்டுவடத்தின் கடைக்கோடியில் அடிபட்டு அனிச்சை போயிருந்தால், தொட்டால் வராது. சிலருக்கு நினைப்பால் கொஞ்சம் வரலாம். காயம் முழுமையாக இல்லாதபோது வாய்ப்புகள் கூடும், முன்கூட்டிச் சொல்வதும் கடினமாகும். உச்சத்தைப் பொறுத்தவரை, தண்டுவடக் காயம் பட்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரால் அடைய முடிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எஸ்2 முதல் எஸ்5 வரை அனிச்சையும் உணர்வும் முழுவதும் போனவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. காயத்துக்கு மேலே உள்ள கழுத்து, காது, மார்பு சிலருக்கு முன்பைவிட அதிக உணர்வு கொண்டவையாக மாறுகின்றன. இதை அவரும் துணையும் தேடிப் பார்க்க வேண்டும். மேசையில் வைத்து நாம் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தாம் படி: ஆபத்தை முதலிலேயே சொல்லிவிடுவது

டி6 அல்லது அதற்கு மேலே காயம் உள்ளவர்கள் எல்லாரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இதைச் சொல்லியாக வேண்டும். காயத்துக்குக் கீழே ஏதாவது பலமாகத் தூண்டினால், நிரம்பிய சிறுநீர்ப்பை, கட்டிய மலம், விந்து வெளியேறுதல், பிரசவ வலி, எதுவானாலும் ரத்த அழுத்தம் திடீரென ஏறிவிடும். தலையைப் பிளப்பது போல வலி, முகம் சிவந்து வியர்த்தல், கீழே தோல் வெளிறிச் சிலிர்த்தல், நாடித்துடிப்பு குறைதல். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகலாம்.

இதைக் கண்டுபிடிக்க அவருடைய வழக்கமான பிரஷர் தெரிந்திருக்க வேண்டும். கழுத்தில் அடிபட்டவருக்குச் சாதாரணமாகவே 90, 100 தான் இருக்கும். அவருக்கு 130 என்றால் சாதாரணம்போலத் தெரியும். ஆனால் வழக்கத்தைவிட 20 முதல் 40 ஏறினாலே அது ஆபத்து. ஆகவே உட்கார்ந்த நிலையிலும் படுத்த நிலையிலும் அவருடைய பிரஷரை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்.

வந்தால் செய்ய வேண்டியது: உடனே நிறுத்துவது, எழுப்பி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுவது, இறுக்கமான துணியையும் பெல்ட்டையும் தளர்த்துவது, டியூப் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது. சில நிமிடத்தில் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும்போது விறைப்புக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள், தடாலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் வகை மருந்து கொடுத்தால் பிரஷர் உயிருக்கு ஆபத்தாக இறங்கிவிடும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் அந்த வகைதான். இந்த மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருப்பதால், வெட்கப்படாமல் நாமே கேட்டுவிட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு தளராமல் நின்றாலும் உடனே ஆஸ்பத்திரி. விறைப்புக்கு வெற்றிடக் கருவி (காற்றை உறிஞ்சும் பம்ப்) பயன்படுத்துகிறவர், ஆண்குறியின் அடியில் போடும் வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உணர்வில்லாத இடம் என்பதால் வலி எச்சரிக்காது.

ஆறாம் படி: மருந்துச் சீட்டும் ரத்தப் பரிசோதனையும்

கால் இழுப்புக்குக் கொடுக்கும் பாக்ளோஃபென், நரம்பு வலிக்கான பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், மனச்சோர்வு மாத்திரைகள் ஆகியவை விருப்பத்தையோ விறைப்பையோ உச்சத்தையோ குறைக்கலாம். எழுதிக்கொண்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். பாக்ளோஃபெனை அவராகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சலும் வலிப்பும் வரக்கூடும். சர்க்கரை, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் பார்க்கலாம். ஐந்து கேள்விகள் கொண்ட விறைப்பு மதிப்பெண் தாளும் 19 கேள்விகள் கொண்ட பெண்களுக்கான தாளும் இருக்கின்றன. அவை தண்டுவடக் காயத்துக்கென்று உருவானவை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

ஏழாம் படி: குழந்தை

பெண்ணுக்கு மாதவிலக்கு சில மாதம் நின்று, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் திரும்பும். கருத்தரிக்கும் திறன் பொதுவாகப் போவதில்லை. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தங்கலாம் என்பதால் கருத்தடைப் பேச்சை முன்கூட்டியே எடுங்கள். சாதாரணக் கருத்தடை மாத்திரைகள் அசையாத காலில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். காப்பர்-டி இடம் மாறினால் வலி தெரியாமல் போகலாம். மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். டி10க்கு மேலே காயம் உள்ளவருக்குப் பிரசவ வலியே தெரியாமல் இருக்கலாம். டி6 அல்லது அதற்கு மேலே என்றால் வலியின்போது ஏறும் பிரஷரைக் கர்ப்பகால ரத்த அழுத்தம் என்று தவறாக எண்ணிவிடும் அபாயமும் உண்டு. இவருக்குப் பிரசவம் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். மகப்பேறு மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆணுக்குச் சிக்கல் விந்து வெளியே வருவதிலும், அணுக்களின் நீந்தும் வேகத்திலும். எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அசைவுதான் அடிபட்ட சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். டி10 அல்லது அதற்கு மேலே காயம் உள்ளவர்களுக்கு அதிர்வுக் கருவியால் விந்து எடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதல் முறை ஆஸ்பத்திரியில், பிரஷர் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். அதில் வராதவர்களுக்கு மின் தூண்டல் முறையும், விரையிலிருந்து நேரடியாக எடுக்கும் முறையும் இருக்கின்றன. செயற்கைக் கருத்தரிப்பு மையத்துக்குப் போவதானால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது உச்ச வரம்பு. குழந்தை பிறக்கவே வாய்ப்பில்லை என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அதை அன்றைக்கே திருத்திவிட்டு வாருங்கள்.

எட்டாம் படி: துணையோடு பேசுவதும் அனுப்பி வைப்பதும்

துணையை முதலில் தனியாகப் பாருங்கள். பகலெல்லாம் புண் துடைத்து, மலம் எடுத்து, திருப்பிப் படுக்க வைக்கும் மனைவிக்கு ராத்திரி அதே ஆளிடம் வேறு மாதிரி நெருங்குவது எளிதில்லை. அவர் களைப்பைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. முடிந்த வீட்டில் டியூப் வேலையையும் மலம் எடுப்பதையும் இன்னொருவருக்குப் பழக்கிவிடுவது பெரிய உதவி. அடிபட்டவரே டியூப் போடப் பழகினால் இன்னும் நல்லது.

அனுப்ப வேண்டிய இடங்கள்: ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி அருகிலுள்ளது, விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தார் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் போவார்கள். முழு மறுவாழ்வுப் பயிற்சிக்குத் தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கமும், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையமும் இருக்கின்றன. வேலூரில் அந்தத் துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தே மருத்துவம் பார்த்தவர். பயணம் முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அவரிடம் இந்தத் தனித் தாளின் நகலை, நோயாளியின் சம்மதத்தோடு கொடுங்கள்.

யாராவது 'இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்' என்று கேட்டால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவைச் சொல்லுங்கள். மகப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அவருடைய சுதந்திரமான சம்மதமில்லாமல் கருத்தடை அறுவை செய்ய முடியாது.

தனித் தாளில் கடைசியாக எழுத வேண்டியவை: காயத்தின் மட்டம், டி11–எல்2 உணர்வு, எஸ்2–எஸ்5 உணர்வும் அனிச்சையும், வழக்கமான பிரஷர், லேட்டெக்ஸ் ஒவ்வாமை உண்டா, மருந்துகள், அவர் தன் வாயால் சொன்ன முதல் தேவை, யாரிடம் அனுப்பினோம், அடுத்துப் பார்க்கும் தேதி. அந்த முதல் தேவையை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.